மழை வருகிறது, கிளிக்கூட்டை உள்ளே எடுங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கிளியோ லவ் பேர்ட்ஸோ வளர்ப்பவர்கள் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள். வளர்க்காதவர்களும் வாசியுங்கள். மழைக்காலத்தில் யாராவது ஒரு பிள்ளை கூட்டோடு உங்கள் வாசலில் வந்து நிற்கலாம். அப்போது நான் செய்த பிழையை நீங்கள் செய்யக்கூடாது.

ஐப்பசி பிறந்துவிட்டது. பின்னேரமானால் வானம் கறுக்கிறது. இதை எழுதவேண்டும் என்று நினைத்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. வெட்கத்தில் தள்ளிப்போட்டேன். இந்த முறையும் தள்ளினால் நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு அர்த்தமில்லை.

2024 நவம்பர் கடைசி வாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பின்னர் 'பெங்கல்' என்று பெயர் வைத்தார்களே, அந்தத் தாழமுக்கம் எங்கள் கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த நாட்கள். உயர்தரப் பரீட்சை தொடங்கி இரண்டு நாளில் ஒத்திவைத்தார்கள். குடாநாட்டின் பள்ளமான இடமெல்லாம் வெள்ளம். எங்கள் பக்கத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. சனங்களை ஒரு பொதுக் கட்டடத்தில் தங்க வைத்தோம். எந்தக் கட்டடம், எந்த இடம் என்பது தேவையில்லை. பெயர் பதிவதும் பாய் பங்கிடுவதும் என்னோடு இன்னும் மூன்று பேர் பார்த்த வேலை.

இரவு எட்டு மணி இருக்கும். எங்களிடம் படிக்கும் ஒரு பிள்ளை தாயோடும் தம்பியோடும் வந்தாள். முதுகில் பாடசாலைப் பை. இரண்டு கையாலும் ஒரு கிளிக்கூட்டை அணைத்துப் பிடித்திருந்தாள். கூட்டுக்கு மேல் பொலித்தீன் போர்த்தியிருந்தது. உள்ளே இரண்டு பச்சைக்கிளிகள்.

"டீச்சர், இதை எங்க வைக்க?"

உள்ளே நாற்பது பேருக்கு மேல். கைக்குழந்தைகள், ஆஸ்துமாக்காரர், வயதானவர்கள். நான் அதிகம் யோசிக்கவில்லை. "உள்ளுக்கு ஏலாது மகள். விறாந்தையில வைங்க" என்றேன்.

"தூவானம் அடிக்கும் டீச்சர்."

"ஒண்டும் ஆகாது. சுவரோட ஒட்டி வைங்க."

அவள் மறுத்துப் பேசவில்லை. டீச்சர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். விறாந்தைச் சுவரோடு கூட்டை வைத்து, தன்னுடைய துவாய் ஒன்றை எடுத்து மேலே போட்டுவிட்டு உள்ளே வந்தாள். நடுச்சாமத்துக்குப் பிறகு காற்றுத் திசை மாறியது. மழை சரிந்து விறாந்தைக்குள் அடித்தது. நான் உள்ளே படுத்திருந்தேன். சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

விடிய சுபஹுக்கு எழும்பிப் போனால், துவாய் நனைந்து கூட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒரு கிளி கூட்டின் அடியில். மற்றது மேல் தடியில், இறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடியபடி. அந்தப் பிள்ளை எனக்கு முன்னமே எழும்பி வந்து கூட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அழவில்லை. என்னைக் குறை சொல்லவும் இல்லை. "எங்க டீச்சர் புதைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். சுற்றிவர எங்கும் தண்ணீர். புதைக்க ஒரு சாண் நிலமில்லை. ஒரு பிஸ்கட் பெட்டியில் வைத்து, மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்த பிறகுதான் மதிலோரம் புதைத்தாள்.

அந்தக் கட்டடத்தில் ஒரு சின்ன களஞ்சிய அறை இருந்தது. பழைய கதிரைகள் அடுக்கிய அறை. திறப்பு என் கைப்பையில் இருந்தது. அந்தத் திறப்புத்தான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அதற்குப் பிறகு இதைப்பற்றி வாசித்தேன், கால்நடை வைத்தியர் ஒருவரிடமும் கேட்டேன். அறிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஒரு கிளியின் உடல் வெப்பம் எங்களுடையதைவிடக் கூட, ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ். அந்தச் சின்ன உடம்பு அவ்வளவு சூட்டையும் காப்பாற்றுவது இறகுக்கு இடையில் பிடித்து வைத்திருக்கும் காற்றினால்தான். குளிர்ந்தால் இறகை உப்புவது அதற்காகத்தான். இறகு முழுதாக நனைந்தால் அந்தக் காற்று போய்விடும். அதோடு காற்றும் வீசினால் சூடு மளமளவென்று இறங்கும். தூறல் மழையில் கிளி குளித்து விளையாடுவதைப் பார்த்துவிட்டு "இது மழைக்குப் பழகினதுதானே" என்று நினைக்கிறோம். பகல் வெயிலில் ஐந்து நிமிடம் நனைவதும், இரவு முழுக்கத் தூவானத்தில் ஓட வழியில்லாமல் இருப்பதும் ஒன்றில்லை.

இது பறவைக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை. 2022 டிசம்பரில் 'மாண்டஸ்' சூறாவளி வந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஒன்றிரண்டு நாளில் செத்து விழுந்தன. வெள்ளம் அடித்துக்கொண்டு போய் அல்ல, குளிர் காற்றில் விறைத்து. ஒரு மாட்டையே விறைக்க வைத்த காற்றின் முன்னால், 120 கிராம் நிறையுள்ள கிளி எந்த மூலைக்கு?

எங்கள் பனைகளில் இருக்கும் காட்டுக்கிளிகளைப் பாருங்கள். வட்டுப்போன மொட்டைப் பனையின் பொந்துதான் அவற்றின் வீடு. காற்று பலத்தால் பொந்துக்குள் போகும், அல்லது இடம் மாறும். எத்தனையோ செத்தும் போகும். ஆனால் எங்கே போவது என்ற முடிவு அதன் சிறகில் இருக்கிறது. கூட்டுக்கிளிக்கு அந்த முடிவை நாங்கள் எடுத்துவிட்டோம். கதவைப் பூட்டிய அன்றே அதன் மழைக்கும் காற்றுக்கும் நாங்கள்தான் பொறுப்பு. நான் சொல்ல வந்தது இந்த ஒரு விசயம்தான். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

இது மார்க்கத்திலும் எங்களுக்குப் புதிதில்லை. ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்ன வெளியே விடவும் செய்யாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் மத்ரசாவுக்குப் போன எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதில் கண்டிக்கப்படுவது அடைத்து வைத்துவிட்டுக் கைவிட்டது. பறவை வளர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. அனஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் சின்னத் தம்பி ஒரு குருவி வளர்த்தார். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அந்தப் பிள்ளையைக் காணும்போது குருவியைப் பற்றிச் செல்லமாக விசாரிப்பார்கள். ஒரு சமூகத்தையே நடத்திய தலைவருக்கு ஒரு பிள்ளையின் குருவியைப் பற்றிக் கேட்க நேரம் இருந்தது. எனக்கு அன்றைக்கு இருக்கவில்லை.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டுக் கூட்டை வேலியில் விடுபவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டச் சொல்லி, பிறகு தவக்குல் வைக்கச் சொன்னார்கள். எங்கள் ஊருக்கு ஒட்டகம் இல்லை, கிளிக்கூடுதான் இருக்கிறது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதை ஒன்று. அரசியல் பேச வரவில்லை, தயவுசெய்து கருத்துப் பகுதியில் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

நான் புத்தளத்தில் பிறந்தவள். எங்கள் குடும்பம் 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தை விட்டு வந்தது. இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள் என்று உம்மா சொல்வார். எங்கள் உம்மும்மா ஒரு கிளி வளர்த்தாராம். ஸலாம் சொல்லும் கிளி. கையில் ஒரு பையும் பிள்ளைகளுமாக வெளிக்கிட்ட நேரத்தில் கூட்டைத் தூக்க வழியில்லை. உம்மும்மா திரும்பி உள்ளே ஓடிப்போய்க் கூட்டுக் கதவைத் திறந்து விட்டாராம். கிளி வெளியே வரவில்லை. தடியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்ததாம். பிறகு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. உம்மும்மா மௌத்தாகும்வரை வீட்டைப் பற்றி, நகையைப் பற்றி அதிகம் கதைத்ததில்லை. கிளியைப் பற்றிக் கதைத்தார்.

அன்று அவர்களுக்கு இரண்டு மணித்தியாலம்தான் இருந்தது. சூறாவளி அப்படி வருவதில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் இரண்டு மூன்று நாளுக்கு முன்னமே சொல்கிறது. வானொலி சொல்கிறது, கைபேசி சொல்கிறது. அவ்வளவு அவகாசம் இருந்தும் நாங்கள் கூட்டை விட்டுவிட்டு ஓடினால், அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

"மனுசருக்கே ஒதுங்க இடமில்லை, இதுக்குள்ள கிளிக்கு இடமா?" இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என் மனதிலும் இதுதான் இருந்தது. நியாயமான கேள்வி. 2025 நவம்பரில் 'டித்வா' வந்து நாடு முழுக்க 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலைநாட்டில் முழுக் குடும்பங்களே மண்ணுக்குள் போயின. அந்தத் துயரத்தின் முன்னால் கிளியைப் பற்றி எழுத எனக்கும் கூச்சம்தான்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். வீட்டில் வளர்க்கும் சீவனுக்காக மனிதர்கள் வெள்ளத்துக்குள் திரும்பிப் போகிறார்கள். முதலில் போவது பிள்ளைகள். மின்கம்பி அறுந்து கிடக்கும் தண்ணீர், கிணற்றுக்கட்டு எது ஒழுங்கை எது என்று தெரியாத தண்ணீர். எங்கள் ஊரில் பாதிக் கிணறுகளுக்கு உயரமான கட்டு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். 2005இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தை 'கத்ரீனா' சூறாவளி மூழ்கடித்தபோது, தங்கள் நாய் பூனையை விட்டு வரமாட்டோம் என்று பலர் வீடுகளிலேயே தங்கினார்கள். மீட்புப் படகில் பிராணிகளை ஏற்ற மறுத்தார்கள், ஆட்களும் ஏற மறுத்தார்கள். அந்தப் பாடத்தினால் அடுத்த வருடமே, 2006இல், அனர்த்தத் திட்டம் போடும்போது வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்கவேண்டும் என்று அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள். பிராணியைக் காப்பாற்றினால்தான் அதன் சொந்தக்காரரும் வெளியே வருவார் என்பது அவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

இன்னொரு உதாரணம் கிளிகளைப் பற்றியதே. புவேர்ட்டோ ரிக்கோ தீவில் மட்டும் வாழும் ஒரு கிளி இனம் இருக்கிறது, அழிவின் விளிம்பில் இருப்பது. 2017 செப்டெம்பரில் 'மரியா' சூறாவளி வந்தபோது எல் யுங்கே காட்டில் சுதந்திரமாகப் பறந்த கூட்டம் ஏறக்குறைய முழுதாக அழிந்தது. அதே காட்டுப்பக்கம் வளர்ப்பு நிலையத்தில் இருந்த கிளிகளை, காற்று வருமுன்னமே பலமான கொங்கிறீட் அறைக்குள் மாற்றியிருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை தப்பின. கூட்டில் இருந்ததுதான் பிழைத்தது. ஏனென்றால் யாரோ ஒருவர் நேரத்தோடு கூட்டைத் தூக்கி உள்ளே வைத்தார்.

சரி, நாங்கள் என்ன செய்யலாம்? பெரிய செலவு ஒன்றுமில்லை. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும்.

மழைக்கு முன்னர்:

1. கூடு எங்கே தொங்குகிறது என்று இப்போதே போய்ப் பாருங்கள். மாமரக் கொப்பு, தகரக் கொட்டில், விறாந்தை விளிம்பு என்றால், மழைக்கால மூன்று மாதத்துக்கும் அதை மாற்றுங்கள். வீட்டுக்குள், யன்னலுக்கு நேரே இல்லாத உள்சுவர்ப் பக்கம், மேசை உயரத்தில் வையுங்கள். நிலத்தில் வைத்தால் வெள்ளம், பூனை, எலி, பாம்பு எல்லாம் எட்டும்.

2. தூக்கிக்கொண்டு போகச் சின்னக் கூடு ஒன்று தேவை. பெரிய கூட்டோடு வெள்ளத்தில் நடக்க முடியாது. புதிதாக வாங்க வசதியில்லாவிட்டால், மரக்கறிக்கு வைக்கும் பிளாஸ்டிக் கூடைகள் இரண்டை வாயோடு வாய் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினால் ஓரிரு நாளுக்குப் போதும். அடியில் ஒரு துணி. கிளி கடித்துத் திறக்காமல் இடைக்கிடை பார்த்துக்கொள்ளுங்கள்.

3. அதை இப்போதே பழக்குங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் அதற்குள் கொய்யாத் துண்டு வைத்து விடுங்கள். காற்று அடிக்கும் இரவில் முதல்முறையாகப் பிடித்து அடைத்தால் பயத்தில் சிறகை அடித்து உடைத்துக்கொள்ளும்.

4. இரண்டு கிழமைக்கான தானியத்தை மூடி இறுகிய போத்தலில் போட்டு வையுங்கள். நிலக்கடலையும் தினையும் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த கடலை பறவைக்கு நஞ்சு. மணம் மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள், "கிளிக்குத்தானே" என்று போடாதீர்கள்.

5. கூட்டில் உங்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும் அழியாத மையால் எழுதுங்கள். கிளியின் படமொன்றைக் கைபேசியில் வைத்திருங்கள். தொலைந்தால் அடையாளம் காட்ட உதவும்.

காற்றும் மழையும் தொடங்கினால்:

6. கூட்டின் மூன்று பக்கத்தை ஒரு பழைய சாரத்தால் மூடி, ஒரு பக்கத்தைக் காற்றுக்கு விடுங்கள். பொலித்தீனால் முழுதாகச் சுற்றவேண்டாம், மூச்சு முட்டும். தொங்கும் ஊஞ்சல், மணி, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

7. இது முக்கியம். கரண்ட் போனதும் நாங்கள் கதவு யன்னலைச் சாத்திவிட்டு என்ன செய்கிறோம்? குப்பி விளக்கு, நுளம்புத்திரி, சில வீடுகளில் சாம்பிராணி, ஈரம் காயக் கரிச்சட்டி. பறவையின் நுரையீரல் எங்களுடையதைவிடப் பலமடங்கு வேகமாகக் காற்றில் உள்ளதை இழுக்கும். முன்பு நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சு வாயு இருக்கிறதா என்று அறியக் குருவியைக் கொண்டுபோனதும் அதனால்தான். புகை இல்லாத அறையில் கிளியை வையுங்கள். ஒட்டாத பூச்சுள்ள தாச்சி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவியும் கிளியைக் கொல்லும், மணமே இல்லாமல். கூடு குசினியில் இருக்கக்கூடாது.

8. எங்கள் மண் சுண்ணாம்புக் கல். வெள்ளம் வந்தால் மலசலகூடக் குழியும் கிணறும் ஒன்றாகிவிடும். எங்களுக்குக் கொதிக்க வைக்கும் தண்ணீரில் ஒரு கோப்பை ஆறவைத்துக் கிளிக்கும் கொடுங்கள். பிளேன்டீயில் தோய்த்த பிஸ்கட், சொக்லட், உப்புத் தின்பண்டம், பட்டர் புறூட் வேண்டாம்.

9. நனைந்து நடுங்கினால் உலர்ந்த துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சுடுதண்ணீர் போத்தலைத் துணியில் சுற்றிக் கூட்டின் ஒரு பக்கத்தில், வெளியே வையுங்கள். குளிர்ந்தால் கிட்ட வரும், சூடு கூடினால் தள்ளிப்போகும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். இறகை உப்பிக்கொண்டு கூட்டின் அடியில் இருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ, அரச கால்நடை வைத்தியரிடம் தாமதிக்காமல் கொண்டுபோங்கள்.

10. வெளியேறச் சொன்னால் முதல் வாகனத்திலேயே கூட்டோடு வெளிக்கிடுங்கள். கடைசி நேரம்வரை இருந்தால் கூட்டுக்கு இடம் கிடைக்காது. அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

"அப்படியே திறந்து விட்டால் பறந்து பிழைக்கும்தானே?" என்று சிலர் கேட்பார்கள். கூட்டில் பொரித்து வளர்ந்த லவ் பேர்ட்ஸுக்கு எங்கள் வானத்தில் இரை தேடத் தெரியாது. குஞ்சிலிருந்து கையில் வளர்ந்த பச்சைக்கிளிக்குப் பருந்தையும் தெரியாது, பூனையையும் தெரியாது. புயலுக்குள் திறந்து விடுவது விடுதலையில்லை. என் உம்மும்மாவுக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கிறது. உண்மையிலேயே கொண்டுபோக வழியில்லை என்றால், வீட்டின் ஆக உயரமான, உலர்ந்த, உள் அறையில், நாலைந்து நாளுக்கான தானியமும் இரண்டு மூன்று பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து, "உள்ளே கிளி இருக்கிறது" என்று வாசல் கதவில் எழுதிவிட்டுப் போங்கள். அடுத்ததாக வருபவருக்காவது தெரியட்டும்.

இனிப் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, அதிபர்மாரே, கிராம அலுவலர்களே, இளைஞர் கழகத் தம்பிமாரே! தங்கும் இடத்துக்குத் திட்டம் போடும்போது ஒரு சின்ன அறையை, ஒரு களஞ்சியத்தை, மழை அடிக்காத ஒரு மூலையை வளர்ப்புப் பிராணிகளுக்கென்று இப்போதே குறித்து வையுங்கள். ஆட்கள் படுக்கும் இடத்துக்குள் கூட்டை வைக்கச் சொல்லவில்லை. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சுவாச நோயொன்று உண்டு. எச்சம் காய்ந்து தூசியாகப் பறந்தால் ஆஸ்துமாக்காரருக்குக் கஷ்டம். ஆகவே தனி அறைதான் சரி. சமையல் பக்கத்திலும் வேண்டாம். கூட்டைத் தொட்டவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும், எச்சத்தை ஈரத்துணியால் துடைக்கட்டும். பூனையும் கிளியும் ஒரே அறையில் இருக்கக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை. பொறுப்புக்கு ஒரு ஆள், அறைக்கு ஒரு திறப்பு. அந்தத் திறப்பு யாருடைய கைப்பையிலும் தூங்கக்கூடாது.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. கோப்பாயில் பயிற்சி எடுத்த காலத்தில், பிள்ளைக்குத் தெரிந்த பொருளிலிருந்து தெரியாத பொருளுக்குக் கூட்டிப்போகவேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். சூறாவளி எச்சரிக்கை, இடம்பெயர்வுத் திட்டம் என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளை கொட்டாவி விடும். "உங்கட வீட்டுக் கிளியை எப்படிக் காப்பாத்துவீங்க?" என்று கேளுங்கள். எந்த அறை உயரம், எந்த ஒழுங்கை முதலில் மூழ்கும், பையில் என்ன வைக்கவேண்டும், யாருக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும், எல்லாம் அவர்களே சொல்வார்கள். நான் செய்து பார்த்தேன். கிளிக்குத் திட்டம் போட்ட பிள்ளை அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் "எங்களுக்குத் திட்டம் என்ன?" என்று கேட்டிருக்கிறது. மற்ற நாள் அந்த வாப்பா என்னிடம் வந்து சிரித்தார்.

கடைசியாக, பனம்பொந்தில் கைவிட்டுக் குஞ்சு எடுப்பவர்களுக்கு. மழை ஓய்ந்து தை மாசி வந்தால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் மொட்டைப் பனையில் ஏறுவார்கள். ஏற்கனவே காற்றுக்கு விழுந்தது போக மிஞ்சிய பனைகள் அவை. எடுக்கும் குஞ்சில் பாதி ஒரு கிழமை தாங்காது. ஒரு பறவையின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்தபோது, தாய்ப்பறவை மேலே சிறகடித்துத் தவித்ததைக் கண்டு, திருப்பிக் கொண்டுபோய் வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாங்கள். இருக்கும் கிளியை நன்றாகப் பாருங்கள். புதிதாக ஒன்றைக் காட்டிலிருந்து பிடித்து, அடுத்த மழைக்கு அதையும் வேலியில் தொங்க விடவேண்டாம்.

அந்தப் பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு. மிஞ்சிய கிளி இன்னும் இருக்கிறது. போன மழைக்கு, எச்சரிக்கை வந்த அன்று பின்னேரமே, தாயிடம் சொல்லிக் கூட்டை உள் அறைக்கு மாற்றிவிட்டாளாம். இதை எழுதமுன் அவளைக் கூப்பிட்டு, அன்றைக்கு நான் செய்தது பிழை என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "இதை எழுதட்டா மகள்?" என்று கேட்டேன்.

"எழுதுங்க டீச்சர். என்ட பேரைப் போட்டுராதீங்க." கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்து சொன்னாள்: "விறாந்தையில வைக்கக்கூடாதுன்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன். கிளியை விறாந்தையில் வைக்காதீர்கள்.

இந்த மழையை அல்லாஹ் எங்கள் எல்லோருக்கும், எங்கள் கிணறுகளுக்கும் வயல்களுக்கும், எங்களை நம்பியிருக்கும் சீவன்களுக்கும் பயனுள்ள மழையாக ஆக்குவானாக. ஆமீன்.

உங்கள் பகுதியில் மழைக்கு ஒதுங்கப் பிராணிகளுக்கு இடம் இருந்தால் கீழே எழுதுங்கள். கிளி வளர்க்கும் ஒருவருக்காவது இதை அனுப்பி வையுங்கள்.